சாலையில் காயும் நெல்: டெல்டாவில் ஐந்து நாள்

அக்டோபர் 23, 2025, வியாழன். தஞ்சாவூர் – ஒரத்தநாடு

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். வெடித்த பட்டாசுத் தாள் தெருவோரச் சாக்கடையில் ஊறிக் கிடக்கிறது. நேற்று முழுக்க மழை. இன்று காலை விட்டிருக்கிறது, ஆனால் வானம் தெளியவில்லை. பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இட்லி 12 ரூபாய், காபி 25. சாம்பாரில் முள்ளங்கி. கடைக்காரர் பண்டிகை அசதியில் சட்னியை மறந்துவிட்டு, கேட்டதும் இரண்டு கரண்டி சேர்த்தே ஊற்றினார்.

ஒரத்தநாடு சாலையில் ஊரைத் தாண்டியதும் பாதிச் சாலை நெல். ஓரத்தில் கருங்கல்லும் முள்கிளையும் எல்லைக்கல் மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார்கள். நனைந்த தார்ச்சாலையில் நெல்மணி பால்ரஸ் குண்டுக்குச் சமம். எதிரே பேருந்து வர, இருசக்கர வண்டி நெல்மேல் ஏறி, பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நெல்லு மேல பிரேக்கு புடிக்காதீங்க தம்பி. ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு மெல்ல வாங்க” என்றார். தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவர் குரல் அது.

துழாவுவது காலால். பாதத்தைத் தூக்காமல் நெல்லுக்குள் இழுத்துக்கொண்டே நேர்கோட்டில் நடக்கிறார். பின்னால் சால் விழுகிறது. முனைக்குப் போய்த் திரும்பி, முதல் சாலுக்கும் இரண்டாம் சாலுக்கும் நடுவில் மறுபடி ஒன்று. மேல் நெல் அடிக்கும் அடிநெல் மேலுக்கும் வரும். நல்ல வெயிலில் அரைமணிக்கு ஒரு தடவை, மூட்டத்தில் ஒரு மணிக்கு ஒரு தடவை. இரண்டு விரல்கடைக்கு மேல் தடிமன் போனால் அடியில் இருப்பது வேகுமே தவிரக் காயாது. உச்சிவெயிலில் வேறு வம்பு: தார் கொதிக்கிற சூட்டில் நெல் சட்டென்று காய்ந்து உள்ளே அரிசி விண்டுவிடும், ஆலையில் நொய்யாகிவிடும். அதனால் தெரிந்தவர்கள் அந்நேரம் நெல்லைக் கூட்டித் தடிமனாக்கி, மூன்று மணிக்கு மறுபடி பரப்புகிறார்கள்.

ஒரு கணக்கு. ஏக்கருக்கு 2,400 கிலோ குறுவை (குறுகிய காலப் போகம்) நெல் என்று வைத்துக்கொண்டால், நாலு சென்டிமீட்டர் தடிமனில் பரப்ப நூறு சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். சாலையின் பாதி அகலம் மூன்று மீட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 35 மீட்டர் நீளம். பத்து ஏக்கர்க்காரருக்கு 350 மீட்டர். சிமென்ட் களம் ஊருக்கு ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு ஏக்கர் நெல் கொள்ளும். மிச்சத்துக்கு நெடுஞ்சாலைதான்.

அக்டோபர் 24, வெள்ளி. ஒரத்தநாடு – மன்னார்குடி

காலையில் தூறல், பத்து மணிக்கு வெயில், ஒன்றரைக்கு மறுபடி தூறல். படுதாவை மூடுவதும் திறப்பதுமாகவே ஊர் வேலை செய்கிறது.

வழியில் அரசு நெல் வாங்கும் ஒரு கொள்முதல் நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே காட்சிதான். தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் மண் திடல், திடல் முழுக்கக் குவியல் குவியலாக நெல். ஒவ்வொரு குவியல் மேலும் நீலமோ கறுப்போ ஒரு படுதா, நாலு மூலையிலும் செங்கல். படுதா இல்லாதவர் பழைய தேர்தல் பேனரைப் போர்த்தியிருக்கிறார். ஒரு குவியலுக்கு இரண்டு கட்சித் தலைவர்கள் கூட்டணி சேர்ந்து காவல்.

அரசு சொல்கிற விலை இந்த 2025-26 பருவத்துக்கு நன்றாகவே இருக்கிறது. மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,369, சன்னம் 2,389. மாநிலம் ஊக்கத்தொகையாக முறையே 131, 156 சேர்க்கிறது. ஆக 2,500, 2,545. இங்கே யாரும் குவிண்டாலில் பேசுவதில்லை, 40 கிலோ சிப்பம்தான் கணக்கு. குண்டு எனப்படும் சாதாரண ரகம் சிப்பம் ஆயிரம் ரூபாய், சன்னம் 1,018. அம்பை 16, ஆடுதுறை 37 எல்லாம் குண்டில் போகும். கோ 51, ஆடுதுறை 43 சன்னத்தில்.

அந்த ஆயிரத்துக்குப் போகிற வழி இது. சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள், ஆதார், வங்கிப் புத்தகம் வைத்து இணையத்தில் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சாகுபடிப் பரப்பைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். கோயில் நிலத்துக் குத்தகைக்காரர் பெயரில் பட்டா இராது. அவர் சாகுபடிச் சான்றுக்குத் தனியாக நடக்க வேண்டும், டெல்டாவில் கோயில் நிலம் கொஞ்சநஞ்சமல்ல. முறை வந்ததும் நெல்லைத் தூற்றும் இயந்திரத்தில் விட்டுப் பதர், கருக்காய் (முற்றாத மணி) நீக்குகிறார்கள். பிறகு ஈரப்பதம். பிறகுதான் எடை, சாக்குத் தையல், கைரேகை, பட்டியல். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு.

இதில் எல்லாரும் தடுக்கி விழுகிற படி ஈரப்பதம். வரம்பு 17 சதவீதம். கருக்காய், சுருங்கிய மணி 3, ரகக் கலப்பு 6 என்று மற்ற வரம்புகளும் உண்டு. அவற்றுக்கு யாரும் சண்டை போட்டுப் பார்க்கவில்லை. சண்டை முழுக்கப் பதினேழுக்கு.

நிலையத்தின் பட்டியல் எழுத்தர் மாதிரி எடுக்கும் குத்தூசியைக் குவியலில் மூன்று இடத்தில் விட்டு எடுத்தார். மேல்நெல் ஈரப்பத மீட்டரில் 16.8. நடுவில் 18.1. அடியில் 20.6. குவியலுக்குச் சொந்தக்காரர் மேல்நெல்லைக் காட்டுகிறார், எழுத்தர் அடிநெல்லைக் காட்டுகிறார், இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இராத்திரி படுதா போட்டு மூடினால் நெல் விடுகிற மூச்சு படுதாவின் அடியில் முத்து முத்தாய் நின்று, மறுபடி நெல்லிலேயே சொட்டுகிறது. அடியிலோ மண் ஈரத்தை ஏற்றுகிறது. விடிந்ததும் படுதாவை உடனே விலக்காவிட்டால் நேற்றுக் காய வைத்ததில் பாதி வீண். பெரியவர் ஒருவர் மீட்டரை நம்பவில்லை. நாலு மணியைக் கடைவாயில் போட்டு, “கடக்குனு ஒடையணும். இது நசுங்குது. இன்னும் ஒரு வெயிலு வேணும்” என்றார். மீட்டர் சொன்னது 18.3.

மத்தியானம் மன்னார்குடியில் சாப்பாடு 100 ரூபாய். வாழைக்காய்ப் பொரியல், மோர்க்குழம்பு. அப்பளத்துக்குத் தனிக்காசு கேட்கவில்லை. பக்கத்து இலைக்காரர் அறுவடை இயந்திர ஓட்டுநர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பெல்ட் வண்டிக்கு மணிக்கு 2,500 வாங்குகிறாராம். சேற்றில் டயர் வண்டி இறங்காது என்பதால் மழை வந்தால் பெல்ட் வண்டிக்கு மட்டும் கிராக்கி. பனி உலர்ந்து ஒன்பது மணிக்கு மேல் இறங்குவது வழக்கம், இந்த வாரம் ஏழுக்கே கூப்பிடுகிறார்கள் என்றார். ஏழு மணி நெல் 24 சதவீதம் ஈரத்தோடு தொட்டிக்குள் விழும்.

சிக்கலின் வேர் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. ஆள் வைத்து அறுத்த காலத்தில் அரிக்கட்டு (அறுத்த கதிர்க் கட்டு) வயலில் கிடந்து காயும், களத்தில் அடிக்கும்போது ஈரம் பாதி போயிருக்கும். இப்போது இயந்திரம் மணிக்கு ஒரு ஏக்கர் அறுத்து, பச்சை நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டுப் போகிறது. ஓர் ஊரில் இரண்டு வண்டி நாளைக்கு எட்டெட்டு ஏக்கர் அறுத்தால் 960 சிப்பம். ஒரு நிலையம் நாளைக்கு எடை போடுவது, எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஆயிரம். அந்த நிலையத்துக்கு மூன்று ஊர்.

அக்டோபர் 25, சனி. நீடாமங்கலம்

இந்த ஊருக்கு வந்து பால் திரட்டு வாங்காமல் போனால் பாவம். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டி, வாழையிலையில் வைத்துக் கொடுக்கிறார்கள். மணல்மணலாக, நாக்கில் கரையும்போது லேசாய்ப் புகை வாசம். கால்கிலோவே ஒருவருக்கு அதிகம்.

ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம். நெல் மூட்டை ஏற்றப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து, கார், பள்ளிக்கூட வேன், பால்காரர் எல்லாரும் இறங்கி நின்று பேசிக்கொண்டார்கள். சுண்டல்காரர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். ஒரு சரக்கு ரயிலில் 2,000 டன் போகிறது, அதாவது 50,000 சிப்பம். அத்தனையும் தலைச்சுமையாக லாரியிலிருந்து பெட்டிக்கு மாறுகிறது. நனையாமல் மாற வேண்டும். தூறல் விழுந்தால் லாரிகள் வரிசையாகப் படுதா மூடி நின்றுவிடும்.

கொள்முதல் நிலையத்தில் நெல் ஏன் தேங்குகிறது என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. வாங்கிய நெல் வெளியேறினால்தான் அடுத்ததை அட்டி போட (அடுக்கி வைக்க) இடம் இருக்கும். லாரி வராத நாளில் கொட்டகை நிரம்பி, காலிச் சாக்கும் தீர்ந்து, எடைத் தராசு சும்மா நிற்கும். லாரி வராததற்குக் காரணம் கிடங்கில் இடமில்லை. கிடங்கில் இடமில்லாததற்குக் காரணம் ஆலைகள் எடுக்கவில்லை. ஆலைகள் எடுக்காததற்கு இந்த ஆண்டு சொல்லப்படும் காரணம் செறிவூட்டப்பட்ட அரிசி. இந்த 2025 நிலவரப்படி ரேஷனுக்குப் போகிற அரிசியில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ சத்தேற்றிய அரிசிமணியைக் கலக்க வேண்டும். அந்த ஒரு கிலோவின் தரத்துக்கு ஒப்புதல் வந்தபிறகே அரைத்த அரிசி கணக்கில் சேரும். டீக்கடையில் பேச்சுக் கொடுத்த, அரசுக்கு நெல் அரைத்துத் தரும் அரவை முகவர் ஒருவர், “நூறு கிலோ நெல்லு குடுத்தா அறுபத்தெட்டு கிலோ புழுங்கல் நான் திருப்பித் தரணும். கலக்குற மணி கைக்கு வராம அரைச்சு எங்க வைக்கிறது?” என்றார். ஆலை முற்றத்தில் கறுப்புப் படுதாவுக்கு அடியில் போன பருவத்து மூட்டைகள் இன்னும் இருந்தன.

ஆக, எங்கோ ஆய்வகத்தில் நிற்கிற ஒரு கிலோவுக்காக நீடாமங்கலத்துச் சாலையில் நூறு கிலோ நனைகிறது. 2002 முதல் தமிழ்நாட்டில் நெல் வாங்குவது பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில். மத்தியத் தொகுப்புக்காக மாநில நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்குகிறது. விதி ஓரிடம், கிடங்கு ஓரிடம், காசு ஓரிடம். இடையில் ஒரு கண்ணி நின்றால் கடைசிக் கண்ணியில் இருக்கிறவர் படுதா வாடகைக்கு எடுக்கிறார். பெரிய படுதா நாளுக்கு 50 ரூபாய்.

வியாபாரிகள் இதை நன்றாக அறிவார்கள். நிலையத்துக்கு எதிரிலேயே மினி லாரியோடு நிற்கிறார்கள். 60 கிலோ மூட்டைக்கு இன்று 1,050 சொன்னார்கள், குவிண்டால் 1,750. ஈரம் பார்ப்பதில்லை, காசு கையில். அடுத்த போகமான தாளடி நடவுக்குப் பணம் வேண்டியவர் கொடுத்துவிட்டுப் போகிறார். கண்ணெதிரே ஒருவர் எட்டு மூட்டையை அப்படித்தான் தள்ளினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் அவசரம் முழுக்க அவசரமல்ல. 22 சதவீத நெல் 17க்கு வரும்போது நூறு கிலோ 94 ஆகிவிடும். ஆறு கிலோ தண்ணீராகப் போவது, படுதா, ஆள்கூலி, இரவுக் காவல், ஒரு மழைக்கான பயம் எல்லாம் கழித்தால் அந்த 750 ரூபாய் வித்தியாசம் வேகமாகக் கரையும். ஆனாலும் முழுக்கக் கரையாது. அதனால்தான் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு. திருவாரூர் – கீழ்வேளூர் – நாகப்பட்டினம்

கடைமடை, ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனை. காற்றில் உப்பு தெரிகிறது. இந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் நெல் காய்வது மெதுவாகத்தான், கடற்காற்றின் ஈரம் அப்படி. காலை ஒன்பதுக்கு 18.5 இருந்த நெல் சாயங்காலம் ஐந்துக்கு 17.6. எட்டு மணி நேரத்துக்கு ஒரு சதவீதம்கூட இறங்கவில்லை.

உலர்த்தும் இயந்திரம் வைத்தால் என்ன என்று வெளியூர்க்காரர் எல்லாரும் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்க, நிலையத்து உதவுபவர் சிரித்தார். சுழற்சி உலர்த்தி மணிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் இறக்கும். 22லிருந்து 17க்கு ஐந்தாறு மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று தவணைதான் தேறும். நாளைக்கு 40 டன் வருகிற நிலையத்துக்கு ஓர் இயந்திரம் பத்தாது, டீசலும் யார் தலையில் என்று விதியில் தெளிவாக இருக்க வேண்டும். இருந்தும், சாலையை நம்புவதைவிட இது தேவலாம் என்றே படுகிறது. இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் தருகிறோம், விதைக்குத் தருகிறோம். ஜூன் 12 மேட்டூரும் ஜூன் 15 கல்லணையும் இந்த ஆண்டு சொன்ன தேதியில் திறந்தன. எல்லாரும் ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் அறுத்து, வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்தில் சாலைக்கு வருகிறார்கள். நடுகிற பக்கம் போட்ட காசில் ஒரு பங்குகூடக் காயவைக்கிற பக்கம் வரவில்லை. கொள்முதல் பருவத்தை அக்டோபர் 1லிருந்து செப்டம்பர் 1க்கு இழுத்தது 2022இல் நடந்த நல்ல காரியம். முன்னதாக நட்டு அறுக்கிற முன்பட்டக்காரர்கள் அதில் தப்பித்தார்கள்.

மதியம் கீழ்வேளூர் தாண்டி ஒரு வீட்டுத் திண்ணையில் மழைக்கு ஒதுங்க நேர்ந்தது. கேட்காமலே தட்டு வைத்துவிட்டார்கள். வாய்க்காலில் பிடித்த கெண்டைக் குழம்பு, முள் அதிகம், ருசி அதைவிட அதிகம். காசு நீட்டியதற்கு அந்த ஆத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “மழைக்கு நின்னவங்ககிட்ட காசா? போற வழியில அந்த படுதா மூலைய மட்டும் இழுத்துவிட்டுட்டுப் போங்க.” இழுத்துவிடப் போனபோது தெரிந்தது, குவியலின் ஓரத்து நெல் முளைத்திருக்கிறது. வெள்ளை முளை, அரை அங்குலம், தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று பின்னி. கையை உள்ளே விட்டால் சுடுகிறது, வெந்நீர்த் தவலையைத் தொட்ட மாதிரி. வாசனை புளித்த மாவு. இந்த நிலைக்கு வந்த நெல்லைக் கலைத்துக் காயவைத்தாலும் அரிசி பழுப்பேறிவிடும். சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த மணிகளுக்கு மொத்தமே ஐந்து சதவீதம்தான் அனுமதி. முளைத்த ஓரத்தை உடனே தனியாக வாரி ஒதுக்கினால் மிச்சக் குவியலாவது தேறும். மாலையில் மருமகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், கோழிக்கு என்று சொல்லி.

காப்பீடு? பயிர்க் காப்பீட்டில் அறுவடைக்குப் பிந்தைய சேதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அறுத்து வயலிலேயே பரப்பிக் காயப்போட்ட கதிருக்கு, 14 நாளுக்குள், 72 மணி நேரத்தில் தகவல் சொன்னால். இயந்திரம் அடித்துக் கொட்டிய நெல், அதுவும் சாலையோரத்தில் இருந்தால், அந்த வரிக்குள் வராது. விதி எழுதியவர்கள் அரிக்கட்டை நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

நாகையில் இரவு பரோட்டா, மீன் வறுவல். அறையில் மின்சாரம் இல்லை, கொசுவுக்குக் குறைவில்லை.

அக்டோபர் 27, திங்கள். கும்பகோணம் வழியாகத் திரும்பல்

கும்பகோணத்தில் கடப்பாவோடு நாலு இட்லி, டிகிரி காபி. 85 ரூபாய். இந்தப் பயணத்தில் குறை சொல்ல முடியாத ஒரே வேளை.

கடையில் பேச்செல்லாம் தளர்வு பற்றி. ஈரப்பத வரம்பை 22 வரை உயர்த்தும்படி மாநிலம் கேட்டிருக்கிறது. மத்தியக் குழு நிலையங்களில் மாதிரி எடுத்துப் போய் ஆய்வு செய்த பிறகுதான் முடிவு. முந்தைய ஆண்டுகளில் 19, 20 வரை தளர்த்தியதுண்டு. சிக்கல், உத்தரவு வருவதற்குள் குறுவையில் பெரும்பங்கு ஏதாவதொரு வழியில் கைமாறிவிடுகிறது. தளர்த்துவதும் இலவசமல்ல. நெல்லை மாதக்கணக்கில் வைக்க 14 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பதினேழே சீக்கிரம் அரைப்பதாக இருந்தால்தான் தாங்கும். 20 சதவீத நெல்லை வாங்கித் திறந்தவெளியில் சவுக்குக் கட்டை மேல் அட்டி போட்டால், விவசாயி குவியலில் முளைத்தது அரசு அட்டியில் முளைக்கும்.

பாபநாசம் தாண்டி வழியில் இன்னொரு நிலையம், வெள்ளியன்று பார்த்த அதே மாதிரித் திடல். சுமைப்பணிக்காரர்கள் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கழகம் சிப்பத்துக்குத் தருகிற கூலி 10 ரூபாய். எடை நடந்தால்தான் கூலி. “பதினோரு மணிலேர்ந்து மீட்டரு பதினேழு அஞ்சு, பதினேழு நாலுனு நிக்குது சார். நாங்களும் நெல்லோட சேந்து காயிறோம்.”

குவியலுக்குச் சொந்தக்காரர் அரைமணிக்கொரு தரம் ஒரு கைப்பிடி நெல்லைக் கொண்டுவந்து எழுத்தரிடம் நீட்டுகிறார். அவரும் சலிக்காமல் அளந்து காட்டுகிறார். மூன்றரைக்கு 17.1. எழுத்தர் சாக்குக் கட்டைப் பிரிக்கச் சொல்லிக் கைகாட்டினார். ஆறு பேரும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். மேற்கே வானம் கறுத்திருந்தது. முதல் நாற்பது சிப்பம் ஏறும்வரை தூறவில்லை.